கூப்பிட்டது யார்?

ராத்திரியில் யாராவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் உடனே குரல் கொடுத்துவிடக் கூடாது, மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும் என்பது ஆச்சி எங்களுக்குப் போட்டிருந்த சட்டம். பேய் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாதாம். மூன்று தலைமுறையாக வேதக்காரக் குடும்பம். ஆச்சிக்குச் சங்கீதங்களில் பாதி மனப்பாடம், ஞாயிறு ஆராதனையைத் தவறவிட்டதில்லை. ஆனாலும் எங்கள் தேரிக்காட்டு ஊரின் பழைய சட்டங்களில் இது ஒன்று மட்டும் எப்படியோ அவளோடு சேர்ந்து ஞானஸ்நானம் பெற்று வீட்டுக்குள் வந்துவிட்டது.

கரண்டு போன ராத்திரிகளில் குடும்ப ஜெபம் முடிந்ததும் அவள் சொல்லும் கதைகளில் எனக்குப் பிடித்தது சாமுவேல் கதை. சீலோ ஆலயத்தில் விளக்கு இன்னும் அணையவில்லை. பையன் படுத்திருக்கிறான். பெயரைச் சொல்லி ஒரு குரல். எழுந்து கிழவர் ஏலியிடம் ஓடுகிறான். “நான் கூப்பிடலியேடே, போய்ப் படு” என்று ஏலி நெல்லைத் தமிழில் சொல்லுவார். ஆச்சி எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் மாற்றிப் பேசுகிறவள். பார்வோன் கனைப்பான், யோனாவின் மாலுமிகள் கத்துவார்கள். ஆனால் இந்தக் கதையில் மட்டும் ஆண்டவருக்கும் ஏலிக்கும் ஒரே குரல்தான் கொடுப்பாள், கொஞ்சம் கரகரத்த, தூக்கம் கலைந்த கிழவர் குரல். ஒருநாள் கேட்டேன், ஏன் ஆச்சி ஆண்டவர் இப்படிப் பேசுகிறார் என்று.

“பின்ன? வேற மாதிரி இருந்தா அந்தப் பய ஏம்ல ஏலிகிட்ட ஓடுதான்?”

எனக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. மூன்றாவது தடவைக்குத்தானே பதில் சொல்ல வேண்டும், சாமுவேல் முதல் தடவையே ஓடிவிட்டானே? “அவன் கோயில்ல படுத்திருந்தான். நீ வீட்ல படுத்திருக்க. மூடிட்டுத் தூங்கு.”

தேவசத்தம் கேட்பது பற்றி அதன்பின் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், வாசித்தும் இருக்கிறேன். ஆச்சி போகிற போக்கில் சொன்ன அந்த முதல் பதிலைத் தாண்டி நான் அதிக தூரம் போய்விட்டதாகத் தோன்றவில்லை. அந்தக் குரலுக்குத் தனியாக ஒரு சாரீரம் இல்லை. பழகிய ஒருவரின் குரலில்தான் அது வருகிறது. அதனால்தான் ஆள் மாறிப்போகிறது.

ஞாயிறு பள்ளிச் சுவர்களிலும் காலண்டர்களிலும் சாமுவேலின் படம் ஒன்று உண்டு. வெள்ளை உடையில் முழங்காலிட்டு, கைகூப்பி, மேலே பார்க்கும் சுருள்முடிக் குழந்தை. இங்கிலாந்தில் ஜோஷுவா ரெனால்ட்ஸ் 1776 வாக்கில் வரைந்தது. நம்மூர் அச்சகங்கள் விதவிதமாகப் பிரதி எடுத்திருக்கின்றன. ஒளி வருகிறது, குழந்தை பார்க்கிறது, அவ்வளவுதான் படம். ஏலி அதில் இல்லை. கதையிலிருந்து ஏலியை எடுத்துவிட்டால் எல்லாம் சுலபமாகிவிடுகிறது.

வேதத்தில் வரும் ஏலி சுலபமான ஆள் இல்லை. கண் மங்கிப்போன பிரதான ஆசாரியர். பிள்ளைகள் இரண்டும் தறுதலைகள். ஜனங்கள் பலியிட்டு இறைச்சி வேகவைக்கும்போது வேலைக்காரனை மூன்று முனைக் கொளுவியோடு அனுப்புவார்கள். சட்டியில் விட்டுக் குத்தினால் எது மாட்டுகிறதோ அது ஆசாரியர் வீட்டுக்கு. கிழவர் கண்டிக்கிறார், மகன்கள் கேட்கிறதில்லை. அவருடைய காதும் அப்படியொன்றும் கூர்மையானதல்ல. சில வருடங்களுக்கு முன் இதே ஆலயத்தில் ஒரு பெண் உதடு மட்டும் அசைய ஓசையில்லாமல் ஜெபித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, குடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று அதட்டியவர் அவர். அந்தப் பெண் அன்னாள், சாமுவேலின் தாய். ஓசையில்லாத ஜெபத்தைக் குடிவெறி என்று எண்ணிய மனிதரிடம்தான் ஓசையில்லாத கூப்பாட்டைக் கேட்ட பையன் வந்து நிற்கிறான்.

நள்ளிரவில் ஒரு சிறுவன், இதோ வந்துவிட்டேன், கூப்பிட்டீர்களே என்று மூன்று தடவை வந்து நிற்கிறான். “ஆமாம், நான்தான் கூப்பிட்டேன், கொஞ்சம் தண்ணீர் கொண்டுவா” என்று ஏலி சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பையன் சந்தோஷமாகத் தண்ணீர் கொண்டுவந்திருப்பான், வாழ்நாள் முழுக்க ஏலியின் குரலையே ஆண்டவரின் குரலாக எண்ணிச் சேவகம் செய்திருப்பான். இரண்டு தடவை திருப்பி அனுப்புகிறார். மூன்றாவது தடவைதான் அவருக்கே பொறி தட்டுகிறது. அப்போதும், நானும் வருகிறேன், என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று கிளம்பவில்லை. பதில் சொல்லும் முறையை மட்டும் சொல்லிக்கொடுத்து, பையனைத் தனியாக அனுப்பிவிட்டு இருட்டில் படுத்திருக்கிறார். தனக்கு வராத குரலுக்கு இன்னொருவனைத் தயார் செய்கிற வேலை. அந்தக் குரல் சொன்னதோ, ஏலியின் வீடு அழியப்போகிறது என்பது.

தமிழில் இதை யோசிப்பதில் ஒரு வசதி இருக்கிறது. ‘கேள்’ என்றால் செவிகொடு. ‘கேள்’ என்றால் விசாரி. ‘கேள்’ என்றால் வேண்டிக்கொள். சொன்னால் கேட்கிற பிள்ளை என்றால் கீழ்ப்படிகிற பிள்ளை. இன்னும் பழைய தமிழில் கேள் என்றால் உறவு, கேளிர் என்றால் சுற்றத்தார். குறளில் கேள்வி என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அங்கே அது காதால் கற்பது, இன்று நாம் பரீட்சைத் தாளில் எழுதுகிற கேள்வி அல்ல. எபிரேயத்தில் ‘ஷமா’ என்ற சொல்லுக்குக் கேட்பது, கீழ்ப்படிவது என்று இரண்டு பொருளும் உண்டு என்று இறையியல் வகுப்புகளில் பெரிய விஷயமாகச் சொல்லித்தருவார்கள். ஏலியின் மகன்கள் கேட்கவில்லை என்று ஆச்சி சொன்னபோது எங்களில் ஒருவனும் அவர்களைச் செவிடர்கள் என்று நினைத்ததில்லை.

இந்த வசதியிலேயே ஒரு கண்ணியும் இருக்கிறது. அதை எனக்குக் காட்டியவள் அம்மா.

எங்கள் பக்கத்து விசுவாசிகள் பேச்சில் ஆண்டவர் பேசுவதற்கு நிறைய வினைச்சொற்கள் உண்டு. கர்த்தர் பேசினார் என்பது பொதுப்படையானது. உணர்த்தினார் என்றால் மனதில் பட்டது. ஏவினார் என்றால் ஒரு காரியத்தைச் செய்யத் தள்ளினார். பாரம் கொடுத்தார் என்றால் ஒருவருக்காக ஜெபிக்காமல் இருக்க முடியவில்லை. வெளிப்படுத்தினார் என்பது கனம் கூடியது, பெரும்பாலும் தரிசனமோ சொப்பனமோ கண்டவர்கள் சொல்வது. இந்தச் சொற்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. உள்ளுக்குள் நடக்கிற நுண்ணிய வித்தியாசங்களைப் பிரித்துப் பார்க்கப் படிக்காத ஜனங்கள் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்ட அகராதி இது. அத்துடன் டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் தட்டில் வைத்து நீட்டும் வாக்குத்தத்த அட்டை. கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார்கள். அந்த வருடத்துக்கு ஆண்டவர் உனக்குச் சொல்வது அந்த அட்டையில் இருக்கும். நல்ல வசனம் வந்தவர்கள் வாசலிலேயே காட்டிக்கொள்வார்கள். சுமாராக வந்தவர்கள் பைபிளுக்குள் செருகிக்கொள்வார்கள். எச்சரிப்பான வசனம் யாருக்கும் வந்து நான் பார்த்ததில்லை; அச்சடிக்கிறவர்களே அவற்றை விட்டுவிடுவார்கள். தீர்க்கதரிசிகளின் புத்தகங்களில் பெரும்பகுதி கண்டனம் என்பது அந்தத் தட்டைப் பார்த்தால் தெரியவே தெரியாது.

அம்மா நாற்பது வருட அட்டைகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறாள். ஓரத்தில் பேனாவால் வருடம் எழுதியிருக்கும். ஒரு வருடத்து அட்டை மட்டும் இல்லை.

அது அப்பா படுத்த வருடம். வயிற்றில் கட்டி, சீக்கிரம் அறுவை செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஓர் ஊழியக்காரர் அப்பாவின் தலைமேல் கைவைத்து நெடுநேரம் ஜெபித்தார். பிறகு கண்ணைத் திறந்து, இந்தச் சரீரத்தில் கத்தி படாது என்று கர்த்தர் சொல்கிறார் என்றார். அப்பா பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நான்கு மாதம். அதன்பின் போனபோது டாக்டர் கத்தியை எடுக்கவில்லை, எடுத்துப் பிரயோஜனம் இல்லை என்றார். ஒரு விதத்தில் தீர்க்கதரிசனம் நிறைவேறிவிட்டது என்று அடக்கத்துக்கு மறுநாள் நான் சொன்னேன். அம்மா என்னை அடித்தது என் ஞாபகத்தில் அந்த ஒரே தடவைதான். அப்போது எனக்கு இருபத்தாறு வயது.

அந்த ஊழியக்காரர் ஏமாற்றுக்காரர் என்றால் எனக்கு நிம்மதியாக இருக்கும். காணிக்கை வாங்கவில்லை. ஜெபிக்கும்போது அழுதார், அது நடிப்பு இல்லை. அவர் ஏதோ ஒன்றைக் கேட்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்த அறையில் எங்கள் எல்லோருடைய ஆசையும் அத்தனை சத்தமாக இருந்தது, கேட்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். பல வருடம் கழித்து ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டே அம்மா சொன்னாள்: “அவரு மேல தப்பு இல்லடே. நான் கேட்டதைத்தான் நான் கேட்டேன்.” பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவள். தெரிந்துதான் சொன்னாள்.

வேண்டியதும் அதே சொல், காதில் விழுந்ததும் அதே சொல். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க ஓர் ஏலி வேண்டியிருந்தது, அது நான் இல்லை என்று சொல்ல ஓர் ஆள். எங்களுக்குக் கிடைத்தவர் நல்ல மனிதர், ஆனால் ஏலி இல்லை.

பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் சிலுவை யோவான் இதை எழுதியிருக்கிறார். கொஞ்ச நேரம் தியானத்தில் உட்கார்ந்துவிட்டு, கடவுள் எனக்கு இப்படிச் சொன்னார், அப்படிப் பதில் கொடுத்தார் என்று வருகிறவர்களைப் பார்த்துத் திகைக்கிறார். பெரும்பாலும் அவர்களே தங்களுக்குச் சொல்லிக்கொள்வதுதான் என்பது அவர் தீர்ப்பு. இதைச் சொன்னவர் நாத்திகர் அல்ல, திருச்சபை ஞானி.

அவருக்குக் கொஞ்சம் முந்தியவர் இஞ்ஞாசியார். 1521இல் பாம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு காலில் பட்டு, லொயோலாவில் சொந்த வீட்டில் மாதக்கணக்காகப் படுத்துக்கிடந்த போர்வீரர். படிக்க வீரதீரக் கதைகள் கேட்டார். வீட்டில் அவை இல்லை. இயேசுவின் சரித்திரம் ஒன்றும் புனிதர்களின் சரித்திரம் ஒன்றும்தான் இருந்தன. வேறு வழியில்லாமல் வாசித்தார். படுக்கையில் இரண்டு வகைக் கனவு கண்டார். ஒன்று, ஒரு சீமாட்டியைக் கவர்ந்து வீரச்செயல்கள் புரிவது, அதில் மணிக்கணக்காக மூழ்கிவிடுவார். இன்னொன்று, அந்தப் புனிதர்களைப் போல வெறுங்காலோடு எருசலேமுக்கு நடப்பது. கனவு காணும்போது இரண்டுமே இனித்தன. பிறகுதான் வித்தியாசம். முதலாவது முடிந்ததும் மனம் வறண்டது. இரண்டாவது முடிந்த பிறகும் சந்தோஷம் தங்கியிருந்தது. இதை அவர் உடனே கவனிக்கவில்லை, ஒருநாள் கண்திறந்தது. இந்த ஒரு கவனிப்பிலிருந்துதான் ஆன்மிகப் பயிற்சிகள் என்ற அவர் நூலின் பகுத்தறியும் முறையெல்லாம் முளைக்கிறது. நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்த ஜனங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, நாவில் படும் ருசி வேறு, பின்னால் தங்கும் ருசி வேறு. அவருடைய பாரிஸ் நண்பர் சவேரியார் 1542இல் எங்கள் முத்துக்குளித்துறைக் கரைக்கே வந்துவிட்டார். அந்தக் கடற்கரைக் கத்தோலிக்கர்களும் எங்களைப் போன்ற தேரிக்காட்டுப் புரொட்டஸ்டன்டுகளும் பக்கத்துப் பக்கத்து ஊர்தான். எங்களுக்கு அந்தப் பின்ருசிப் பாடத்தை யாரும் சொல்லித்தரவில்லை. வாங்கிக்கொண்டிருக்கலாம்.

இந்த வகையில் சமீபத்தில் எனக்கு உபயோகப்பட்ட ஆள் ஒரு மானுடவியலாளர், டான்யா லூர்மன். அமெரிக்காவில் வினியார்ட் என்ற சபைக்காரர்களோடு பழகி 2012இல் ஒரு புத்தகம் எழுதினார். அங்கே கடவுளின் குரலைக் கேட்பது கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை. மனதில் ஓடும் எண்ணங்களில் எது தன்னுடையது அல்ல என்று சலித்தெடுக்கப் பழகுகிறார்கள். சிலர் காலையில் கடவுளுக்கும் சேர்த்து ஒரு கோப்பை காபி ஊற்றி எதிரே வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். படித்தபோது சிரித்தேன். பிறகு, பக்கத்தில் ஆளே இல்லாத திண்ணையில் கொஞ்சம் இடம்விட்டு உட்கார்ந்து ஜெபிக்கும் ஆச்சி நினைவுக்கு வந்தாள்.

லூர்மன் குழு 2015இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு மனநோயால் குரல் கேட்பவர்களைப் பற்றியது. கலிபோர்னியா, கானாவின் அக்ரா, சென்னை ஆகிய மூன்று இடங்களில் இருபது இருபது பேர். அமெரிக்கர்களுக்குப் பெரும்பாலும் முகமற்ற, வன்முறையான குரல்கள். அக்ராவில் பலருக்குக் கடவுளின் குரல். சென்னையில் பாதிப் பேருக்கு மேல் கேட்டது சொந்தக்காரர்களின் குரல், இதைச் செய், அதைச் செய் என்று வேலை ஏவுவது, ஏசுவது. நோயும் விசுவாசமும் ஒன்று என்று சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் நம் தலைக்குள் ஒரு குரல் வந்தால் அது மாமா குரலிலோ அத்தை குரலிலோ வரும் என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. சாமுவேலுக்கும் அப்படித்தான், வளர்த்தவரின் குரலில். கேள் என்ற பழைய சொல்லுக்குள் உறவு உட்கார்ந்திருப்பது தற்செயலாகவே இருக்கட்டும். எனக்கு அதை விட மனமில்லை.

கேட்ட பிறகு என்ன ஆகிறது என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. 1946 செப்டம்பர் 10, கல்கத்தாவிலிருந்து டார்ஜிலிங் போகும் ரயிலில் லொரேட்டோ சபைக் கன்னியாஸ்திரி ஒருவருக்கு அழைப்பு வருகிறது, மடத்தை விட்டு வெளியேறி ஏழைகளில் ஏழைகளோடு இரு என்று. அதன்பின் மாதக்கணக்கில் குரல் தெளிவாகத் தொடர்ந்தது. அவர் பேராயருக்குத் தெரிவித்தார். பேராயர் பெரியே உடனே நம்பிவிடவில்லை, அலட்சியமும் செய்யவில்லை. பொறு என்றார், விசாரித்தார், எழுதச் சொன்னார். 1948இல்தான் அனுமதி வந்தது. தெருவில் இறங்கி வேலை தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே உள்ளே எல்லாம் அடங்கிவிட்டது. சின்ன இடைவேளை ஒன்றைத் தவிர, 1997இல் இறக்கும்வரை சுமார் ஐம்பது வருடம் இருட்டு, நிசப்தம். அவர் தம் ஆன்ம வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள் 2007இல் புத்தகமானபோதுதான் உலகத்துக்கு இது பரவலாகத் தெரிந்தது. அன்னை தெரசாவே நம்பவில்லை பார் என்று ஒரு கூட்டம் எழுதியது. நான் அதை அப்படி வாசிக்கவில்லை. ஒருமுறை கேட்டதை வைத்துக்கொண்டு ஐம்பது வருடம் விடிகாலையில் எழுந்திருப்பது கேட்பதில் சேராதா? வாராவாரம் புதுச் செய்தி கிடைப்பதாகச் சொல்கிறவர்களை விட அந்தக் கிழவியிடம் எனக்கு நம்பிக்கை அதிகம். என் பாரபட்சம் அது.

எலியாவின் கதையும் எல்லோருக்கும் தெரியும். ஓரேப் மலையில் பெருங்காற்று, நிலநடுக்கம், நெருப்பு, ஒன்றிலும் கர்த்தர் இல்லை. அதன்பின் மெல்லிய ஒன்று. மூலத்தில் ‘தக்கா’ என்று ஒரு சொல். வனாந்தரத்தில் தரையில் உறைபனிபோலக் கிடந்த மன்னாவின் மென்மைக்கும், பார்வோனின் கனவில் வந்த சாவிக் கதிர்களின் மெலிவுக்கும் அதே சொல்தான். பிரசங்கிமார் அந்த மெல்லிய சத்தத்தோடு குரலைத் தாழ்த்தி முடித்துவிடுவார்கள். அடுத்துள்ளதை வாசித்தால்தான் வேடிக்கை. சத்தத்துக்கு முன்னால் எலியாவிடம் கேட்ட அதே கேள்வி பின்னாலும் வருகிறது. எலியா முன்பு சொன்ன பதிலையே ஓர் எழுத்து மாறாமல் திருப்பிச் சொல்கிறார், தான் ஒருவன்தான் மிச்சம் என்று. அத்தனை பெரிய அனுபவம் அவர் புலம்பலில் ஒரு வார்த்தையைக் கூட மாற்றவில்லை. பதிலாக வேலை கொடுக்கப்படுகிறது, இன்னார் இன்னாரைப் போய் அபிஷேகம் செய் என்று. கடைசியாக, போகிற போக்கில், உன்னைப் போல இன்னும் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்ற தகவல். எலியா கேட்டது அது இல்லை.

சாமுவேல் கதையில் ஆச்சி ஒரு வரியை வேகமாகத் தாண்டிவிடுவாள். அந்தச் சேதியைக் கேட்ட பிறகு பையன் விடியும்வரை படுத்திருந்தான், பிறகு எழுந்து ஆலயத்தின் கதவுகளைத் திறந்தான். தூங்கினானா என்று இல்லை. ஏலியிடம் சொல்லப் பயந்தான் என்று இருக்கிறது. தினசரி வேலை கதவு திறப்பது; அதைச் செய்தான். கனத்த மரக்கதவாக இருக்கும், சிறுவனின் தோளால் தள்ளியிருப்பான். உள்ளேயிருந்து கிழவர் அந்தக் கிறீச்சொலியைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்திருப்பார். பிறகு கூப்பிடுகிறார், இந்தத் தடவை நிஜமாகவே ஏலிதான். ஒன்றையும் மறைக்காதே என்று வற்புறுத்தி, தன் குடும்பத்தின் அழிவைப் பையன் வாயாலேயே கேட்டு வாங்கிக்கொள்கிறார். இதில் கேட்கத் தெரிந்தவர் யார் என்று கேட்டால் நான் கிழவரைத்தான் காட்டுவேன்.

அம்மாவுக்கு இப்போது எண்பத்தொன்று. என்னோடு இருக்கிறாள். போன மாதம் ஒரு ராத்திரி என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டு எழுந்தேன். மூன்று தடவை என்ற சட்டமெல்லாம் மறந்துபோயிற்று. போய்ப் பார்த்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கூப்பிட்டியாம்மா என்றேன்.

“நான் கூப்பிடலியேடே.”

கொஞ்சநேரம் நின்றேன். அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்துத் திரும்பியபோது இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“வந்ததுதான் வந்த, அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைச்சுட்டுப் போ.”